உரும்பிராய் வளவில் இரண்டு தேன்பெட்டிகள்: ஒரு தேனீ வளர்ப்புச் சேவையோடு பதினான்கு மாதங்கள்

தென்மராட்சியில் ஒரு குடும்பம் நடத்திவரும் தேனீ வளர்ப்புச் சேவையின் ஊடாக எங்கள் உரும்பிராய் வளவில் இரண்டு தேன்பெட்டிகள் வைக்கப்பட்டுப் பதினான்கு மாதங்கள் நிறைந்துவிட்டன. பெட்டியும் தேனீக்குடியும் அவர்களுடையவை. இடமும் மரங்களும் தண்ணீரும் எங்களுடையவை. மாதம் ஒருமுறை வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பதும், தேன்வதை முற்றியதும் கருவிகளோடு வந்து தேன் எடுப்பதும், எடுத்த தேனில் மூன்றில் ஒரு பங்கை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவதும் அவர்கள் ஏற்றுக்கொண்ட வேலைகள். காசுக் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை. வயலையும் பனையையும் வாரத்துக்குக் கொடுத்துப் பழகிய நம்மவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும்.

சேவையின் பெயரை நான் எழுதவில்லை. இந்த ஆண்டு புதிய வீடுகளை ஏற்கப்போவதில்லை என்று அவர்களே சொல்லியிருப்பது ஒரு காரணம். நடந்த ஒரு பிழையையும் நான் இங்கே சொல்லவேண்டியிருப்பது மற்றைய காரணம். இதே போன்ற ஓர் ஏற்பாட்டுக்கு இணங்க நினைப்பவர்கள் எதைக் கேட்கவேண்டும், எதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

முதல் நாள் வந்த இளைஞர் பெட்டி வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்பதே என் மனத்தில் முதலில் பதிந்தது. கிணற்றடியில் நிழலான ஓர் இடத்தைக் கூட்டித் துப்புரவாக்கி வைத்திருந்தேன். அதைத் திரும்பியும் பாராமல், "அன்ரி, பெட்டி எங்க வைக்கிறது எண்டதைப் பிறகு பாப்பம். முதல்ல சுத்தவர என்னென்ன பூக்குது எண்டு சொல்லுங்கோ" என்றார். நான் ரோசாவையும் செவ்வரத்தையையும் மதிலில் படர்ந்த போகன்வில்லாவையும் பெருமையோடு காட்டினேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, தண்ணீர்த் தாங்கிக்குப் போகும் ஏணியில் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்தார். பிறகு ஒரு கொப்பியும் பேனையுமாக எங்கள் ஒழுங்கையிலும் அடுத்த இரண்டு ஒழுங்கைகளிலும் நடந்து, எந்த வளவில் எத்தனை தென்னை, எத்தனை முருங்கை, வேம்பு எங்கே, புளி எங்கே என்று குறித்துக்கொண்டார். ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் அந்த வேலைக்கே போயிற்று.

அந்த இரண்டு மணித்தியாலத்தின் பெறுமதி எனக்கு அப்போது விளங்கவில்லை. நம்முடைய பெட்டிகளில் வாழ்வது மேலைநாட்டுத் தேனீ அல்ல. தென்னைப் பொந்திலும் சுவர் இடுக்கிலும் தானாகவே குடியேறும் ஆசியத் தேனீ. அது மேலைநாட்டுத் தேனீயைப் போல நெடுந்தூரம் போய் உணவு தேடுவதில்லை. பெரும்பாலும் ஒரு கிலோமீற்றருக்கு உள்ளேயே தன் தேடலை முடித்துக்கொள்கிறது. எனவே, பெட்டி எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும், அந்த வட்டத்துக்குள் ஆண்டு முழுவதும் ஒன்று மாறி ஒன்று பூக்கும் மரங்கள் இல்லாவிட்டால் குடி மெலியும், பிறகு ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடும். உணவு குறைந்தாலும் தொந்தரவு மிகுந்தாலும் கூட்டை விட்டு முழுக்குடியாகப் பறந்துவிடுவது இந்தத் தேனீயின் இயல்பு. பெட்டியை விற்றுவிட்டுப் போகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. இவர்கள் பெட்டியைக் கொண்டு வருவதற்கு முன்பே மரங்களை எண்ணினார்கள் என்பதற்காகவே இந்தச் சேவையை நான் மதிக்கிறேன்.

தேனீக்குப் பூவிலிருந்து இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று பூந்தேன், அதுவே வற்றித் தேனாகிறது. மற்றது மகரந்தம், அது புழுக்களை வளர்க்கும் உணவு. ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காவிட்டால் குடி முன்னேறாது. எங்கள் ரோசா இதழ்கள் அடுக்கடுக்காய்ச் செறிந்தது. அதற்குள் தேனீ நுழைந்து எடுப்பதற்கு ஏதும் இல்லை. மதிலை மூடிய போகன்வில்லாவும் அழகுக்கு மட்டுமே. கண்ணுக்குப் பூவாகவே தெரியாத தென்னம்பாளைதான் ஆண்டு முழுவதும் குடியைக் காக்கிறது என்பதை இளைஞர் சொல்லித்தான் நான் கவனித்தேன். தென்னை மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பாளை விடுகிறது. முதலில் ஆண்பூக்கள் நாள்தோறும் விரிந்து உதிர, அதன் பிறகு குரும்பைப் பக்கத்துப் பெண்பூக்கள் கசியத் தொடங்குகின்றன. பூந்தேனும் மகரந்தமும் ஒரே மரத்தில் கிடைக்கும் இப்படியொரு வசதி வேறு மரங்களில் அரிது. எங்கள் வளவில் ஏழு தென்னைகள் நிற்கின்றன. அயலில் நிற்பவற்றையும் சேர்த்தால் எந்த நாளிலும் இரண்டு மூன்று பாளையாவது விரிந்திருக்கும்.

தைப்பொங்கல் முடிந்து மழை ஓய்ந்ததும் யாழ்ப்பாணத்துத் தேனீக்குப் புத்தாண்டு தொடங்குகிறது என்று சொல்லலாம். ஆண்பனைகள் பாளை விட, மகரந்தம் தாராளமாகக் கிடைக்கிறது. காலை வெயில் ஏறும் நேரத்தில் பெட்டி வாசலில் குந்தியிருந்து பார்த்தால், பின்னங்கால்களில் வெளிர்மஞ்சள் உருண்டைகளைச் சுமந்துகொண்டு ஒவ்வொன்றாய் இறங்குவதைக் காணலாம். சுமை மிகுந்தவை பலகையில் சற்றுத் தள்ளாடி விழுந்துதான் எழும்பும். இதே காலத்தில் முருங்கையும் வெள்ளையாய்ப் பூத்து நிற்கும். முருங்கையைப் பொறுத்தவரை எங்கள் ஊர் தேனீக்குக் குறை வைக்கவில்லை. வேலியோரத்தில் ஒரு முருங்கையாவது இல்லாத வீட்டை இந்தப் பகுதியில் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். மாமரமும் பூக்கிறது, ஆனால் மாம்பூவில் ஈக்கள் மொய்க்கும் அளவுக்குத் தேனீயை நான் கண்டதில்லை.

பங்குனியிலும் சித்திரையிலும் வேம்பு பூக்கும் நாள்களே எங்கள் வளவில் தேன் பெருகும் நாள்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் பொழுதுபட்ட பிறகும் உள்ளேயிருந்து ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டேயிருக்கும். பகலில் கொண்டுவந்த பூந்தேனில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை இரவிரவாகச் சிறகால் விசிறி வற்றச் செய்கிற ஒலி அது. வேப்பம்பூ வடகம் போடும் வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. தேனீக்குப் போட்டியாகிவிடுமோ என்று இளைஞரிடம் கேட்டேன். மரத்தில் கொத்து முறிக்காமல், கீழே சாக்கு விரித்து உதிர்கிற பூவைக் கூட்டி எடுப்பதே நம்முடைய பழைய முறையென்பதால் அதில் ஒரு கேடும் இல்லை. தேனீயின் தேவை முடிந்த பூவே உதிர்கிறது என்றார். அந்தப் பருவத்துத் தேனில் தொண்டைக்குள் இறங்கும்போது மெல்லிய கசப்பு ஒன்று தெரிகிறது. கசப்புத் தெரிவதால் பழுதான தேன் என்று என் மைத்துனி திருப்பித் தந்தது உண்மை. எனக்கோ அந்தக் கசப்புத்தான் இந்தத் தேன் எங்கள் ஊரில் பிறந்தது என்பதற்கு அடையாளம்.

வேம்பு முடிய, பெரும்போக நெல் வெட்டிய காணிகளில் விதைத்த எள்ளு பூத்திருந்தால் அது ஒரு கொடை. எங்களுக்கு அது எட்டாத தூரம். வைகாசி, ஆனியில் புளி பூக்கிறது. சந்தியிலிருந்து வரும் பாதையில் நிற்கும் இரண்டு பழம் புளிகளை நான் இத்தனை ஆண்டு கடந்து போயிருந்தும், செம்மஞ்சள் கோடிட்ட அந்தச் சிறு பூக்களை அண்ணாந்து பார்த்தது சென்ற ஆண்டுதான். வாழையையும் சொல்லவேண்டும். நீர்வேலிப் பக்கத்துத் தோட்டங்களைப் போல எங்களிடம் இல்லையென்றாலும், கிணற்றுத் தண்ணீர் ஓடும் இடத்தில் பத்துப் பன்னிரண்டு கதலி நிற்கிறது. பொத்தியின் மடல் விரியும்போது உள்ளே பூக்களில் தேன் துளித்து நிற்கும்; தேனீ அதை விடாது. முன்பு சீப்பு வந்த உடனேயே கறிக்காகப் பொத்தியை முறித்துவிடுவேன். இப்போது உணவு குறைந்த மாதங்களில் இரண்டு மூன்று பொத்தியை விட்டுவைக்கிறேன். துளசியும் தும்பையும் சிறியவைதான், எனினும் பஞ்ச காலத்தில் ஒரு பிடி அரிசியைப் போல உதவுகின்றன.

பஞ்ச காலம் இரண்டு முறை வருகிறது. ஆடி, ஆவணியில் சோளகம் வீசி மண் வறண்டு கிடக்கும்போது ஒன்று. ஐப்பசி பிற்பகுதியிலிருந்து மார்கழி வரை மழை விடாமல் பெய்து, பூ இருந்தாலும் தேனீ வெளியே போக முடியாதபோது மற்றது. இரண்டாவதே கொடியது. அந்தக் காலத்தில் சீனியையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து பெட்டிக்குள் வைக்கிறார்கள். தேன் பெருகும் காலம் தொடங்குவதற்கு முன் இதை நிறுத்திவிடவேண்டும். நிறுத்தாவிட்டால் வதையில் சேர்வது பூவின் தேனாக இராது. எப்போது நிறுத்தினீர்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் கேட்கவேண்டும். இவர்கள் நான் கேட்காமலே பெட்டி மூடியின் உட்புறத்தில் சோக்கட்டியால் திகதியை எழுதி வைத்திருந்தார்கள். கருப்பணி இறக்கும் பனங்கூடல் அருகில் பெட்டி வைப்பதில்லை என்பதும் அவர்களுடைய ஒழுங்கு. முட்டியில் விழுந்து தேனீ சாவது ஒரு பக்கம். பனஞ்சாற்றை அள்ளிவந்து வதையில் சேர்ப்பது இன்னொரு பக்கம்.

தோட்டங்களில் தெளிக்கும் மருந்தே எனக்கு மிகுந்த கவலையைத் தந்தது. செம்மண் பகுதியில் வெங்காயமும் மிளகாயும் திராட்சையும் செய்கிறவர்களைக் குறைசொல்ல முடியாது. பூச்சியால் ஒரு போகம் போனால் அவர்களுடைய குடும்பமும் போகும். ஆனால் பூத்திருக்கும் பயிருக்குக் காலை நேரத்தில் மருந்து அடித்தால், அன்று வெளியே போன தேனீக்கள் பெட்டி வாசலில் சுருண்டு கிடக்கும். இதே சேவையைக் கேட்ட என் உறவினர் ஒருவருக்கு, அவருடைய வீட்டைச் சுற்றித் திராட்சைப் பந்தல்கள் இருந்ததால் பெட்டி வைக்க மறுத்துவிட்டார்கள். கிடைத்திருக்கக்கூடிய ஒரு வீட்டை இழந்தாலும் குடியை இழக்க விரும்பாத அந்த மறுப்பு எனக்கு நம்பிக்கையைத் தந்தது. எங்கள் அயலில் தோட்டம் செய்கிற ஐயாவிடம் அந்த இளைஞரே போய்ப் பேசி, தேனீ கூடு திரும்பிய பின், பொழுது சாயும் நேரத்தில் அடிக்கும்படி கேட்டுக்கொண்டார். ஐயாவும் பூசணிக்குக் காய் கூடப் பிடிக்கிறது என்று கண்டபின் அதைத் தவறாமல் செய்கிறார்.

பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது 1910களில் தென்னிந்தியாவில் நியூட்டன் என்ற பாதிரியார் நம் தேனீக்கு ஏற்ற அளவில் வடிவமைத்த வகை. கீழ்ப்பெட்டியில் வதை கட்டுவதற்கு 7 மரச் சட்டங்கள். அங்கே இராணி முட்டையிடுகிறது. அதன் மேல் ஏறக்குறைய அரைவாசி உயரமுள்ள மேல்பெட்டி. அங்கே தேன் மட்டும் சேரவேண்டும். இரண்டுக்கும் நடுவே, வேலைக்காரத் தேனீ நுழையக்கூடிய, இராணி நுழைய முடியாத துளைகள் கொண்ட தடுப்புத் தகடு. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையே தேனீ நடமாடுவதற்கு மட்டும் போதிய இடைவெளி விட்டால் அதை அவை மெழுகால் அடைப்பதில்லை என்பதை 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ரோத் என்ற போதகர் கண்டறிந்தார். வதையை உடைக்காமல் தூக்கிப் பார்க்கும் வசதி அதிலிருந்துதான் வந்தது. எங்களுக்குத் தந்த பெட்டிகளில் ஒன்றின் மூடி முதல் மழையிலேயே வளைந்து இடுக்கு விட்டது. சொன்ன மூன்றாம் நாள் மாற்றித் தந்தார்கள். கால்கள் நான்கும் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிற்கின்றன. எறும்பைத் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை, ஆனால் சிரட்டை வற்றாமல் பார்ப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு.

இனித் தேன் எடுத்த நாளுக்கு வருகிறேன். சித்திரை நடுப்பகுதியில், வெயில் ஏறுவதற்கு முன், இருவர் வந்தார்கள். புகைப்பானில் தேங்காய்த் தும்பும் பன்னாடையும் அடைத்து மூட்டினார்கள். பன்னாடை சுடர்விடாமல் நின்று புகைவதால் குளிர்ந்த வெண்புகை வந்தது. வாசலில் இரண்டு தடவை மட்டும் ஊதிவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தார்கள். மேல்பெட்டியிலிருந்து முதற் சட்டத்தைத் தூக்கியபோது அதன் எடையைக் கை தாங்கிய விதத்திலேயே தேன் நிறைந்திருப்பது தெரிந்தது. வெள்ளை மெழுகு மூடிகள் மெல்லிய காகிதத்தைப் போல வதையின் இரு பக்கமும் பரவியிருக்க, கீழ் ஓரத்தில் மட்டும் சில அறைகள் திறந்தபடி பளபளத்தன. இளைஞர் சட்டத்தை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்து, "இதில முக்கால்வாசிக்கு மேல மூடியிருக்கு அன்ரி, எடுக்கலாம்" என்றார். அடுத்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்ப வைத்தார். ஏன் என்று கேட்டேன். "அரைவாசிதான் மூடியிருக்கு. இப்ப எடுத்தா தண்ணியும் சேர்ந்துதான் வரும். பத்து நாள் நிக்கட்டும்."

தேனின் தரம் முழுவதும் அந்தப் பத்து நாளில்தான் இருக்கிறது. தேனீ ஓர் அறையை மெழுகால் மூடுவது, உள்ளே இருப்பது போதிய அளவு வற்றிவிட்டது என்று அது தரும் சான்றிதழ். தேனில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேற்படக்கூடாது என்பது உலகத் தர விதியான கோடெக்ஸின் பொது வரம்பு. அதற்கு மேல் போனால், தேனில் இயல்பாகவே இருக்கும் மதுவம் (ஈஸ்ட்) என்ற நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கிப் புளிக்கச் செய்துவிடும். நம்முடைய தேனீயின் தேன் இயல்பிலேயே சற்று நீர்த்தது என்பதால் இங்கே அவசரத்துக்கு இடமே இல்லை.

எடுத்த சட்டங்களை வீட்டுக்குள் கொண்டுவந்து கதவு யன்னலைச் சாத்தினார்கள். வெளியே வைத்துத் தேன் எடுத்தால் மற்றக் குடிகளின் தேனீக்களும் கொள்ளைக்கு வந்துவிடும். நீண்ட கத்தியைச் சுடுநீரில் தோய்த்து, ஒரு துளி நீரும் இல்லாமல் துடைத்து, மூடிகளை மட்டும் தோல் சீவுவதுபோலச் சீவினார்கள். அறைகளின் சுவர் சிதையவில்லை. பிறகு துருப்பிடிக்காத உருக்குத் தாங்கிக்குள் நான்கு சட்டங்களை நிறுத்தி, கைபிடியை முதலில் மெதுவாகச் சுழற்றினார்கள். தேன் துளிகள் சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒலி, ஓலைக் கூரையில் தூறல் விழுவது போல எழுந்தது. சட்டங்களைத் திருப்பி மறுபக்கத்தையும் சுழற்றினார்கள். கீழேயுள்ள குழாயைத் திறந்தபோது வெளிர்ந்த பொன்னிறத்தில் நூல் அறாமல் இறங்கியது. அறை முழுவதும் வேப்பம்பூ மணத்தது.

சுழற்சி விசையால் தேனைப் பிரிக்கும் இந்த இயந்திரத்தை 1865இல் ஹ்ருஷ்கா என்பவர் உருவாக்கினார். அதன் அருமையை அறிய, கூட்டை வெட்டிப் பிழிந்து எடுத்த தேனோடு ஒப்பிடவேண்டும். சிறுவயதில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விற்ற தேன் அப்படிப் பிழிந்ததுதான். மகரந்தமும் மெழுகும் சில வேளை புழுவின் சாறும் அதில் கலந்திருக்கும், கூடும் அழிந்துபோகும். இயந்திரத்தில் எடுக்கும்போது வெறும் வதை உடையாமல் அப்படியே தேனீக்குத் திரும்புகிறது. ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீ பல கிலோ தேனைச் செலவிடவேண்டும் என்பதால், திரும்பக் கொடுக்கும் ஒவ்வொரு வதையும் அடுத்த முறைக்கான தேன். பொழுது சாய்ந்த பின்னரே வெற்றுச் சட்டங்களைப் பெட்டிக்குள் வைத்தார்கள். கீழ்ப்பெட்டியை அன்று தொடவேயில்லை.

வடிதுணியால் வடித்து, இரண்டு நாள் மூடி வைத்து, மேலே எழுந்த நுரையையும் மெழுகுத் துணுக்கையும் அகற்றிய பிறகே போத்தலில் விட்டார்கள். ஈரப்பதத்தை அளக்கும் ஒளிமுறிவுமானியின் கண்ணாடியில் ஒரு துளி வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார்கள். 19 விழுக்காட்டுக்குச் சற்று மேலே கோடு நின்றது. அந்தக் கருவி இல்லாதவர்கள் வீட்டுத் தராசை நம்பலாம். நன்கு முற்றிய தேன் தண்ணீரைவிட ஏறக்குறைய 1.4 மடங்கு கனமானது என்பதால், 750 மில்லிலீற்றர் போத்தலில் வெறும் போத்தலின் நிறையைக் கழித்தபின் 1 கிலோவுக்கு மேல் இருக்கவேண்டும். எங்களுடையது 1 கிலோ 60 கிராம் அளவில் இருந்தது. இது தண்ணீரைத்தான் காட்டும், சீனிப்பாகைக் காட்டாது. தண்ணீரில் துளி விட்டுப் பார்ப்பதும், தீக்குச்சியில் தேய்த்துக் கொளுத்திப் பார்ப்பதும் கலப்படத்தைக் காட்டுவதில்லை. தேன் உறைந்து மணல்போல ஆவதும் கலப்படத்தின் அறிகுறி அல்ல. அது தேனின் இயல்பு. இளஞ்சூடான நீரில் போத்தலை நிறுத்தினால் இளகிவிடும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் மணமும் குணமும் போய்விடும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கத்தை மட்டும் அன்போடு விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு எவ்வளவு சுத்தமான தேனும் ஆகாது. அதில் இருக்கக்கூடிய கிருமியின் வித்துகளைத் தாங்கும் வலிமை அந்தக் குடலுக்கு இல்லை.

அந்த முறை இரண்டு பெட்டியிலும் சேர்த்து 6 போத்தல். எங்கள் பங்கு 2. குறை சொல்ல ஏதுமில்லை.

பிழை ஆனியில் நடந்தது. வழக்கமாக வரும் இளைஞருக்குப் பதிலாக வேறொருவர் வந்தார். அன்று அவருக்கு இன்னும் மூன்று வீடுகள் இருந்தன. சட்டங்களைத் தூக்கிப் பாராமலே மேல்பெட்டி முழுவதையும் எடுத்தார். பாதி திறந்திருந்த வதைகளை நான் சுட்டிக்காட்டியபோது, மழை வரப்போகிறது, விட்டால் தேனீயே தின்றுவிடும் என்று சொன்னார். எங்கள் ஊரில் ஆனியில் என்ன மழை என்று அன்றே வற்புறுத்திக் கேட்காதது எனக்கு இன்றும் மனக்குறை. அளவைக் கருவியும் கொண்டுவரவில்லை. தந்துவிட்டுப் போன ஒரு போத்தலை ஏழாம் கிழமையில் திறந்தபோது மூடி படாரென்று தெறித்தது. மேலே நுரை, உள்ளே கள்ளின் வாடை. தராசில் வைத்துப் பார்த்தேன், நிறையும் குறைவு. அந்தப் போத்தலை என் மகளின் வீட்டுக்கு அனுப்பவிருந்தேன் என்பதை நினைக்கும்போது இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிய அன்று மாலையே குடும்பத் தலைவர் நேரில் வந்தார். சாக்குப்போக்குச் சொல்லவில்லை. அந்த முறை எடுத்த தேன் எல்லா வீடுகளிலிருந்தும் திரும்பப் பெறப்படும் என்றார். சொன்னபடியே தங்கள் பங்கிலிருந்து ஒரு போத்தல் சித்திரைத் தேனை எங்களுக்குக் கொடுத்தார். பிழையை மறைக்காத அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆயினும் ஒரு குறை இன்னும் தீரவில்லை. போத்தலில் ஒட்டும் தாளில் ஊரின் பெயர் இருக்கிறது, நிறை இருக்கிறது. தேன் எடுத்த திகதி இல்லை, ஈரப்பதம் இல்லை. இந்த இரண்டும் இருந்திருந்தால் ஆனித் தேனையும் சித்திரைத் தேனையும் பிரித்தறிய அவர்களுக்கே ஒரு கிழமை பிடித்திராது.

கார்த்திகையில் இன்னொரு பின்னடைவு. தொடர்மழையால் அந்த மாதப் பார்வையை அவர்கள் தவறவிட்டார்கள். சீனிப்பாகு தீர்ந்ததும், கீழ்த்தட்டில் மெழுகு அந்துப்பூச்சியின் புழு நூல் கட்டியதும் யாருக்கும் தெரியவில்லை. மழை விட்ட ஒரு முற்பகலில் மதிலோரப் பெட்டியின் குடி முழுவதும் எழுந்து, முருங்கைக்கு மேலே ஒரு கரும்புகைபோலச் சுழன்று, தெற்குப் பக்கமாய்ப் போய்விட்டது. இதில் எனக்கும் பங்குண்டு. கீழ்த்தட்டைக் கிழமைக்கொருமுறை துடைத்துவிடும்படி சொல்லியிருந்தார்கள்; மழையைச் சாட்டி நான் இரண்டு கிழமை விட்டுவிட்டேன். தையில் புதிய குடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது இன்னும் மேல்பெட்டிக்கு ஏறவில்லை. கிணற்றடிப் பெட்டி மட்டும் இந்தப் பங்குனியில் 3 போத்தல் தந்தது.

அளவை மட்டும் பார்த்தால் பதினான்கு மாதத்தில் நல்ல தேன் 3 போத்தலும், பழுதுக்கு ஈடாக வந்த ஒன்றும் எங்கள் கைக்குக் கிடைத்திருக்கின்றன. கடையில் வாங்குவது இதைவிட இலகு என்று நினைப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. மதில் முழுவதும் சீமெந்து பூசி, வேம்பைத் தறித்து, முற்றத்துக்குக் கல் பதித்த வளவுக்கும் பொருந்தாது. சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடும் முற்றமானால், பெட்டி வாசலின் பறக்கும் வழி அவர்கள் பக்கம் வராதபடி கோடிப்புறத்தில் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எங்கள் வாசல்கள் கிழக்கு நோக்கி, சோளகத்துக்கு முதுகு காட்டியபடி இருக்கின்றன. தேனீக்குத் தண்ணீரும் வேண்டும். கிணற்றடித் தொட்டியில் இரண்டு ஓட்டுத் துண்டுகளைச் சரித்து வைத்த பிறகு அவை அதில் இறங்கிக் குடிக்கின்றன. முன்பு மூழ்கிச் செத்தவை ஒன்றிரண்டல்ல.

அடுத்த ஆண்டுக்கும் ஏற்பாட்டைத் தொடரச் சம்மதித்திருக்கிறேன். தேன் எடுக்கும் நாளில் ஒவ்வொரு சட்டத்தையும் என் கண்முன் தூக்கிக் காட்டவேண்டும், அளவைக் கருவி இல்லாமல் வந்தால் பெட்டியைத் திறக்கக்கூடாது, போத்தலில் திகதி எழுதவேண்டும், கார்த்திகைப் பார்வை தவறினால் தொலைபேசியிலாவது சொல்லவேண்டும் என்று கேட்டேன். முதல் மூன்றையும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். நான்காவதற்கு, மழைக்கு முன்பாகவே ஐப்பசியில் ஒருமுறை கூடுதலாக வந்து பெட்டிகளைத் துப்புரவாக்கிப் போவதாகச் சொன்னார்கள். போகும்போது அந்த இளைஞர் மதிலோரத்தைப் பார்த்து, போகன்வில்லாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தேசிக் கன்று நடலாமே என்றார். கன்று சென்ற கிழமை நட்டாயிற்று.